சுராங்கனி ஏறி வந்த மலை

கல்லாறு தாண்டி, குன்னூர் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் கல்லூரிச் சுற்றுலாப் பேருந்துகளில் 'சுராங்கனி' களைகட்டிவிடும். சீட்டின் முதுகுதான் மேளம். பாடுகிறவர்களில் பலருக்கு அது சினிமாப் பாட்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில், இளையராஜா இசையில், மலேசியா வாசுதேவன் குரலில் வந்த பாட்டுதானே!

ஆனால் அதைத் தமிழும் சிங்களமும் கலந்து பாடிப் பரப்பியவர் ஏ.ஈ. மனோகரன். இலங்கையில் 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' (பொப்பிசை என்றால் பாப் இசை), இங்கே 'சிலோன் மனோகர்'. 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

அவருக்கு முன்னோடி நித்தி கனகரத்தினம். மாமியிடம் மகளைப் பற்றி விசாரிக்கும் பையனாக அவர் பாடிய 'சின்ன மாமியே' 1960களின் சரக்கு. இலங்கையின் பைலா ஆட்டத் தாளம், கிதார், அசல் யாழ்ப்பாணப் பேச்சு, கொஞ்சம் குசும்பு. படம் இல்லை, கதாநாயகன் இல்லை. பாட்டைக் கட்டியவரே பாடினார். திருகோணமலையில் பரமேஸ் - கோணேஸ் சகோதரர்கள் குழுவே நடத்தினார்கள். இன்று 'இண்டி' என்று பெருமையாகச் சொல்லப்படுவதை இவர்கள் பெயர் வைக்காமலே செய்துவிட்டார்கள். சினிமாவை விட்டால் பாட்டே இல்லை என்றிருந்த தமிழகம்தான் இவர்களைச் சுற்றுலாப் பாட்டோடு நிறுத்திக்கொண்டது. புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் கொண்டாட்டங்களிலோ இந்தப் பாட்டுகளுக்கு இன்றும் எழுந்து ஆட ஆளிருக்கிறது.

நீலகிரிக்கு இந்த இலங்கைப் பாட்டுகளில் தனிப் பாத்தியதை உண்டு. 1964-இன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கப்பட்டதுதான் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழக அரசின் தேயிலை நிறுவனமான டான்டீ. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்களை இன்றும் 'சிலோன்காரங்க' என்றுதான் சொல்கிறார்கள். பொப்பிசை என்பது யாழ்ப்பாணம், கொழும்பு, திருகோணமலை இளைஞர்களின் ஆட்டம். தேயிலைக் காட்டுக்காரர்களின் பாட்டு வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கிக் கண்கலங்குவது சுலபம், சரியில்லை. ஆனால் இலங்கை வானொலி எல்லோர் வீட்டுக்கும் பொதுவாக இருந்தது.

ஊட்டியில் ஒவ்வொரு மே மாதமும் கோடை விழா நடக்கிறது. மேடையும் ஒலிபெருக்கியும் தயாராக இருக்கும் அந்த நாட்களில் ஒரு மாலையைச் சிலோன் பொப்பிசைக்கு ஒதுக்கலாம். நித்தியின் பெயரையும் மனோகரனின் பெயரையும் அறிவித்துவிட்டுப் பாட்டைத் தொடங்கட்டும். முன்வரிசையில் டான்டீ தொழிலாளர்களை உட்கார வைக்கட்டும்.