ரிஷிமூலம் கேட்காத ஊர்கள்

விதா. பெனின் நாட்டுக் கடற்கரை ஊர். ஊரிலிருந்து கடலுக்கு நாலு கிலோமீட்டர் வழி. அடிமைகளை நடத்திக் கூட்டிப்போன தடம். முடிவில் 1995-இல் எழுப்பிய 'திரும்பா வாசல்'. நடுவழியில் 'மறதி மரம்' நின்றதாகச் சொல்லும் இடம். ஆண்கள் ஒன்பது சுற்று, பெண்கள் ஏழு சுற்று சுற்றினால் ஊர், பேர், உறவு எல்லாம் நினைவிலிருந்து போய்விடுமாம். பழைய ஆவணங்களில் இப்படியொரு மரமே இல்லை என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். இல்லாவிட்டால் என்ன? கப்பலேறியவர்கள் மறந்ததாகச் சொல்வது கரையில் தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள். மறக்கவேண்டிய தேவை யாருக்கு அதிகம் இருந்தது?

*

அதே ஊரில் 'சாசா' சதுக்கம். சாசா என்பது பிரான்சிஸ்கோ பெலிக்ஸ் டி சோசாவின் பட்டப்பெயர். பிரேசிலில் பிறந்த அடிமை வியாபாரி, 1818-இல் கேசோ என்ற இளவரசர் தகோமே அரசின் அரியணையைப் பிடிக்கத் துணைநின்றவர், 1849-இல் இறந்தார். குடும்பம் அவருடைய அறையையும் கல்லறையையும் பேணிவருகிறது. பட்டமும் வழிவழியாக வருகிறது. விற்றவர் வம்சமும் விற்கப்பட்டவர் வம்சமும் ஒரே ஊர்ச் சந்தையில் காய்கறி வாங்குகிறார்கள். நினைவுச்சின்னம் கட்டும் வெளியூர்க்காரர்களுக்கு இந்தச் சங்கடம் கிடையாது.

*

நோக்குவே ஏரியில் கான்வியே. கால் நட்டுக் கட்டிய வீடுகள், படகிலேயே சந்தை. தகோமே படை தண்ணீருக்குள் வந்து தாக்காது, அது அவர்கள் சமயத்துக்கு ஆகாது என்று நம்பி ஏரிக்குள் குடியேறியவர்களின் ஊர். சுற்றுலாக் கையேடுகள் 'ஆப்பிரிக்காவின் வெனிஸ்' என்கின்றன. எரிச்சலாக இருக்கிறது.

*

கானாவின் அக்கான் மக்களிடம் ஒரு கட்டு உண்டு: ஒருவர் பூர்விகத்தை இன்னொருவர் வெளியே சொல்லக்கூடாது. அவர்களுடைய அசாந்தி அரசில் அது சட்டமாகவே இருந்தது. நாமும் ரிஷிமூலம், நதிமூலம் பார்க்காதே என்கிறோம். ஆனால் நம்முடையது பெரியவர்களைக் காப்பாற்றும் பேச்சு. அங்கே, விலைக்கு வாங்கி வீட்டோடு சேர்த்துக்கொண்டவளின் பிள்ளைகளைக் காப்பாற்றியது. வாங்கியவரையும் சேர்த்துத்தான் காப்பாற்றியது.

*

வாயால் சொல்லாதது உடம்பில் வந்து இறங்குகிறது. டோகோ, தென்கிழக்குக் கானா பக்கம் எவே மக்கள் கும்பிடும் 'மாமா சாம்பா'. (எவே மொழியில் மாமா என்றால் பாட்டி. எழுதும்போது என் கை ஒரு கணம் தயங்கியது.) சாம்பா டோகோவின் நடுப்பகுதியில் உள்ள ஊர். வடக்கிலிருந்து விலைக்கு வாங்கிவந்த பெண்கள் எவே வீடுகளில் மனைவிகளாகி, பிள்ளை பெற்று, தங்கள் சனத்தின் முகம் பாராமல் செத்துப்போனார்கள். சொந்த ஊர் முறைப்படி ஒரு சடங்கும் நடக்கவில்லை. தலைமுறைகள் கழித்து வீட்டில் தீராத நோய், அடுக்கடுக்காய் நஷ்டம். குறி கேட்டால், "சாம்பா கேட்கிறாள்" என்று வருகிறது. பிறகு அவளுக்கு ஒரு மாடம். அதில் இரும்பு வளையங்கள், சோழி, கோலாக்கொட்டை. விழாவன்று வடக்கத்தி உடை, வடக்கத்திச் சாப்பாடு. சாமி வந்தவர், விழித்திருக்கையில் தெரியாத வடக்கத்தி மொழியில் பேசுகிறார். வாங்கியவரின் பேரன் வாங்கப்பட்டவளின் முன் மண்டியிடுகிறான். அவள் அவனுக்கும் பாட்டிதான்.

இதை மன்னிப்புக் கேட்பது என்று எழுதத் தோன்றியது, அடித்துவிட்டேன். கடன் என்பதே கிட்டத்தில் வருகிறது. வருஷம் தவறாமல் கொடுத்தாலும் தீராத கடன்.

*

சாம்பா மாடத்துச் சோழி மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் விளைவதில்லை. மாலத்தீவில் சேகரித்தது. இலங்கை, வங்காளம் வழியாக ஆம்ஸ்டர்டாம், லண்டன் போய், அங்கிருந்து கினிக் கரைக்கு வந்தது. கப்பலுக்கு அடிப்பாரம், கரையில் காசு. 18-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் இறக்கியது மட்டுமே சுமார் 1,000 கோடி சோழி என்பது ஆய்வாளர் கணக்கு.

பெனின், டோகோ மக்கள் வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள். அடிமைகளின் பிணத்தைக் கடலில் போட்டார்கள். சோழிகள் மொய்த்து ஒட்டின. உடலை இழுத்துச் சோழியைப் பொறுக்கினார்கள். மாலத்தீவில் இதே வேலையைத் தென்னோலை போட்டுச் செய்ததாக மசூதி என்ற அரபுப் பயணி 10-ஆம் நூற்றாண்டில் எழுதியிருக்கிறார். முறை ஒன்றுதான். ஓலைக்குப் பதில் ஆள்.

*

அடுத்துப் பார்க்கவேண்டியது: அதே கரையில் ஆட்களுக்கு மாற்றாக இறங்கிய சோழமண்டலக் கரைத் துணி. வியாபாரிகள் அதை 'கினித் துணி' என்றே சொன்னார்கள். நெசவாளர் தெருக்களில் வயதானவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.