சிறிய கையும் வயலினும்

வயலின் கற்பிக்கும் ஆசிரியர் இல்லங்களில் அடிக்கடி நிகழும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, ஈராண்டுக் காலம் முக்கால் அளவுக் கருவியிற் பயின்றபின், முழு அளவு வயலினை முதன்முறையாகக் கையில் ஏந்துகின்றாள். முகத்தில் மகிழ்ச்சி ததும்புகின்றது. வில்லை இழுத்துச் சுரங்களை ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டு வருகின்றாள். சுண்டுவிரல் வைக்கவேண்டிய இடம் வந்ததும் ஒலி சற்றே தாழ்ந்துவிடுகின்றது. விரல் எட்டவில்லை. மீண்டும் முயல்கின்றாள். மணிக்கட்டு வளைகின்றது, தோள் உயர்கின்றது, கட்டைவிரல் கருவியின் கழுத்தை இறுகப் பற்றுகின்றது, ஒலி மட்டும் உயரவில்லை. அருகிருக்கும் பெரியவர் ஒருவர், “குழந்தைக்குக் கை சிறியது, வேறு ஏதேனும் கற்கட்டுமே” என்று சொல்லிவிடுகின்றார். சொல்வதற்கு எளிய சொல்தான். கேட்ட குழந்தையோ அன்றிரவு தன் இடக்கையை விளக்கொளியில் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அத்தீர்ப்பு நேரியதுதானா என்பதை அளவுகோல் கொண்டே ஆராயலாம். முழு அளவு வயலினில் தலைப்பக்கத்து மேட்டிலிருந்து குதிரை வரையில் அதிரும் தந்தியின் நீளம் ஏறக்குறைய 32.5 சென்டிமீட்டர் ஆகும். மேலைநாட்டு முறையில் தொடக்கநிலை மாணவர் கைவைக்கும் இடத்திற்கு முதல் நிலை என்று பெயர். அங்கே சுட்டுவிரல் மேட்டிலிருந்து 3.6 சென்டிமீட்டர் தொலைவிலும், சுண்டுவிரல் 10.8 சென்டிமீட்டர் தொலைவிலும் விழவேண்டும். ஆகவே இரண்டு விரல்களுக்கும் இடையே 7.2 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். முக்கால் அளவுக் கருவியிலோ அது ஏறத்தாழ 6.8 சென்டிமீட்டரே. அச்சிறுமியைக் கலங்கவைத்த வேறுபாடு நான்கு மில்லிமீட்டர்; ஒரு நெல்லின் நீளத்தினும் குறைவு!

இவ்வகலம் தந்தி முழுவதும் ஒரே அளவினதன்று. குதிரையை நோக்கிச் செல்லச் செல்லச் சுரங்கள் நெருங்கி அமைகின்றன. கை மூன்றாம் நிலைக்கு ஏறினால் அதே இரண்டு விரல்களுக்கு 6.1 சென்டிமீட்டர் போதும். தந்தியின் நடுப்பகுதியிற் சுட்டுவிரலை வைத்தாலோ ஏறக்குறைய 4.1 சென்டிமீட்டரே வேண்டும். விரல்களை மிகுதியாக விரிக்கவேண்டிய இடத்திலேயே பாடத்தைத் தொடங்கும் வழக்கம் எங்ஙனம் நிலைத்ததோ! பிற காரணங்கள் பல இருக்கலாம். சிறிய கைகளை எண்ணி அமைத்த வழக்கம் அன்று அது.

நீண்ட விரல் படைத்தவரே வயலினில் வல்லவராவர் என்னும் நம்பிக்கைக்குப் பெருந்துணையாக நின்றது நிக்கோலோ பகானினியின் புகழ். இத்தாலி நாட்டு ஜெனோவா நகரில் 1782ஆம் ஆண்டிற் பிறந்த அவர், தனி வயலினுக்கென இயற்றிய 24 உருப்படிகள் 1820இல் அச்சாயின. அவற்றுள் ஒரு தந்தியிற் சுட்டுவிரலும் அடுத்த தந்தியிற் சுண்டுவிரலுமாக மிகத் தொலைவில் வைத்து, இரண்டு சுரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்யும் இடங்கள் உள்ளன. அத்தகைய இணைப்பை முதல் நிலையில் எடுக்கவேண்டுமானால் விரல்களுக்கிடையே 11.5 சென்டிமீட்டர் அகலம் வேண்டியிருக்கும். கேட்டோர் மருண்டனர். அவர் பேயோடு உடன்படிக்கை செய்துகொண்டவர் என்றுகூடப் பேசினர். ஆனால் அவரை நேரில் ஆராய்ந்த பிரான்செஸ்கோ பென்னாத்தி என்னும் மருத்துவர் 1831ஆம் ஆண்டில் வேறொன்று கூறினார். பகானினியின் கை இயல்பான கையினும் பெரிதன்று. அதன் மூட்டுக்களும் அவற்றைப் பிணிக்கும் நாண்களுமே வியத்தகு நெகிழ்ச்சி உடையன என்பது அவர் கண்ட முடிவு. வியப்பு நீளத்தில் இல்லை, வளைவில் இருந்தது.

நெகிழ்ச்சியும் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. அதனால் பகானினியைவிடச் சிறுமிக்கு நெருங்கிய துணையாக நிற்கத்தக்கவர் பாப்லோ தெ சரசாத்தே ஆவார். ஸ்பெயின் நாட்டுப் பாம்பிலோனா நகரில் 1844இல் தோன்றிய அவர், பன்னிரண்டாம் வயதிற் பாரிசு இசைக்கல்லூரியிற் சேர்ந்து, அடுத்த ஆண்டே முதற்பரிசு பெற்றார். அவருடைய கைகள் சிறியவை. ஆதலின் பகானினியின் உருப்படிகளை அவர் அரிதாகவே கையாண்டார். அதற்காக அவர் நாணியதாகத் தெரியவில்லை. தம் கைக்கு இசைந்தவற்றைத் தாமே இயற்றிக்கொண்டார். தூய்மையும் இனிமையும் விரைவும் நிறைந்த அவர் வாசிப்பில் உள்ளம் பறிகொடுத்த சேன்-சான்ஸ், லாலோ, புரூக் முதலிய பெரும்புலவர்கள் அவருக்காகவே புதிய உருப்படிகளை ஆக்கித் தந்தனர். 1908இல் மறைந்த அவர், 1904ஆம் ஆண்டிற் பதிவுசெய்த இசைத்தட்டுக்களை இன்றும் கேட்கலாம். கேட்பவர் எவரும் அக்கையின் அளவை வினவுவதில்லை.

இனி, சிறிய கை செய்யத்தக்கது யாது எனக் காண்போம். முதலில் மாற்றவேண்டியது கையின் பிடிப்பு. பெரும்பாலோர் சுட்டுவிரலை முதலில் ஊன்றி, அங்கிருந்து பிற விரல்களை முன்னோக்கி நீட்டுவர். நீண்ட விரலுடையார்க்கு இது பொருந்தும். குறுவிரலார் இதனைத் தலைகீழாக்கிக்கொள்ளவேண்டும். சுண்டுவிரலை முதலில் அதற்குரிய இடத்தில் அமைதியாக வைத்துவிட்டு, அங்கிருந்து சுட்டுவிரலைப் பின்னோக்கிச் சாய்க்கவேண்டும். சுண்டுவிரல் குறுகியது, வலிமையும் குறைந்தது. முன்னோக்கி இழுத்தால் விறைத்துவிடும். சுட்டுவிரலோ அடிக்கணுவிலிருந்து எளிதிற் பின்சாயும் இயல்பினது. தன் இடக்கையை மேசைமீது வைத்து இரண்டையும் செய்து பார்ப்பவர் இவ்வேறுபாட்டைக் கணத்தில் உணர்வர்.

இதற்கு இடையூறாக நிற்பது சுட்டுவிரலின் பக்கம் வயலினின் கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதே. அது சற்று விலகவேண்டும். கட்டைவிரலும் தன் பழைய இருக்கையை விட்டு, நடுவிரலுக்கு எதிரே வரும்வரை முன் நகர்ந்து, கழுத்தின் கீழ்ப்புறமாகச் சிறிது இறங்கவேண்டும். கழுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் முழுதும் புதைந்துவிட்டாற் கை விரிய வழியில்லை. முழங்கையோ கருவியின் அடியில் வலப்பக்கமாக வரவேண்டும். மிகத் தொலைவிலுள்ள தடித்த தந்தியைத் தொடும்போது இன்னும் வலப்பக்கம் சாயவேண்டும். முழங்கை நகர்ந்தால் சுண்டுவிரலின் அடிக்கணு விரற்பலகையை நெருங்கிவரும். விரல் நீளவில்லை, விரலைத் தாங்கும் கையே அண்மையில் வந்து நிற்கின்றது.

ஓவியங்களிற் காணுமாறு எல்லா விரல்களும் அழகிய வளைவோடு நிற்கவேண்டும் என்பதும் கட்டாயமன்று. குறுகிய சுண்டுவிரல் சற்றுத் தட்டையாக விழலாம். நீண்ட விரல்கள் மிகுதியாக வளைந்து அதற்கு இடந்தரட்டும். குடும்பத்தில் மூத்தோர் நடையைக் குறைத்துக் குழந்தையோடு நடப்பதுபோன்றது இது. ஒரு விரல் ஒலித்து முடித்தபின் அதனைத் தந்திமேல் அழுத்தியே வைத்திருத்தலும் வேண்டா. சுட்டுவிரலை விடுவித்தால் கை முழுவதும் சுண்டுவிரலின் பக்கம் எளிதாகத் திரும்பும்.

கருவியைத் தாங்கும் பொறுப்பு இடக்கையின்மேல் விழாதிருத்தலும் இன்றியமையாதது. செர்மனி நாட்டு வயலின் வல்லுநர் லூயி ஸ்போர் 1820ஆம் ஆண்டையொட்டி மோவாய்க்கட்டையை அமைத்தார். அது வந்தபின் மோவாயும் தோளும் கருவியைத் தாங்க, கை விடுதலை பெற்றது. கழுத்து நீண்டவர்க்கு உயரமான கட்டையும், குறுகியவர்க்குத் தாழ்ந்த கட்டையும் வேண்டும். அளவு பொருந்தாத கட்டையை வைத்துக்கொண்டு விரலை நோவது வீண்.

அச்சிட்ட சுரத்தாளில் விரல்களுக்கென எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண்கள் பெரும்பாலும் ஒருவர் தம் கைக்கு ஏற்பக் குறித்தவை, வேதவாக்கு அல்ல. எட்டாத விரிவு வரும் இடத்தில், கையைச் சிறிது நகர்த்தி வேறு விரலால் அச்சுரத்தைத் தொடலாம். சுரங்கள் நெருங்கியிருக்கும் மேல்நிலைக்கு ஏறலாம். சில இடங்களிற் சுண்டுவிரலுக்கு மாறாக அடுத்த வெற்றுத் தந்தியையே ஒலிக்கச் செய்யலாம். கையை நகர்த்துவோர் செவியைக் கூர்மையாக்கிக்கொள்ளவேண்டும். நகர்வு துல்லியமாக இல்லையேல் சுரம் வழுக்கிக் கேட்கும். இத்துணை செய்தும் கைவராத உருப்படிகள் சில உண்டு. அவற்றைச் சரசாத்தேயைப்போல் விட்டுவிடுதல் தகும்.

ஒன்றை மட்டும் செய்தலாகாது. வலியைப் பொருட்படுத்தாமல் விரலை வலிந்து விரித்தலே அது. பியானோ வாசிப்பதிற் பெருவேட்கை கொண்டிருந்த இராபர்ட் ஷூமன் என்னும் இளைஞர், விரலைப் பழக்குதற்குப் பொறி ஒன்றைப் பயன்படுத்தினார். 1832ஆம் ஆண்டளவில் அவருடைய வலக்கை விரல் செயல் குன்றியது. பொறிதான் காரணமோ, நோய்தான் காரணமோ என்பது பற்றி மருத்துவ அறிஞரிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பியானோ வல்லுநராகும் நினைவை அவர் கைவிட நேர்ந்தது உண்மை. ஆகவே விரிப்புப் பயிற்சியை இடைவெளி குறுகிய மேல்நிலையிற் சில நிமிடமே தொடங்கி, பல வாரங்களிற் படிப்படியாகக் கீழிறக்குதல் வேண்டும். வலி தோன்றிய உடனே கையைத் தொங்கவிட்டு ஓய்வு கொடுத்தல் வேண்டும்.

இதே கருவி நம் நாட்டிற்கு வந்தபோது நிகழ்ந்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாராகிய பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, நம் இசைக்கு அதனை உரியதாக்கினார். நம் கலைஞர் தரையில் அமர்ந்து, கருவியின் ஒரு முனையை மார்போடும் தோளோடும் சார்த்தி, சுருள்முனையை வலப் பாதத்தின்மேல் ஊன்றுகின்றனர். தாங்கும் வேலை இல்லாமையாற் கை தந்தியின்மேல் தடையின்றி மேலும் கீழும் ஓடுகின்றது. கமகங்களைப் பெரும்பாலும் சுட்டுவிரலும் நடுவிரலுமே இழைக்கின்றன. ஆங்கே கை விரியுமா என்னும் வினா அத்துணைப் பெரிதாக எழுவதில்லை.

சிறுமியிடம் மீண்டும் வருவோம். நல்லாசிரியர் ஒருவர் வாய்த்தால், அவர் கையை அளந்து தீர்ப்புக் கூறமாட்டார். “அம்மா, சுட்டுவிரலை மறந்துவிடு. சுண்டுவிரலை முதலில் வை. முழங்கை இன்னும் சற்று உள்ளே வரட்டும்” என்பார்.

“ஐயா, சுட்டுவிரல் தன் இடத்திற்குப் போகுமா?”

“போகும். அதற்குப் பின்னால் வழி இருக்கின்றது. வில்லை இழு.”

முதல் முறை ஒலி தாழ்கின்றது. இரண்டாம் முறை மிகுகின்றது. மூன்றாம் முறை சுண்டுவிரல் தந்தியில் அமைந்தபோது, அவள் தொடாத பக்கத்துத் தந்தி தானே நடுங்குகின்றது. சுரம் சரியாக அமைந்தால் அதே சுரத்திற் கட்டப்பட்ட அடுத்த தந்தியும் உடன் அதிரும் என்பதை ஆசிரியர் அதுவரை சொல்லவில்லை. சிறுமி வில்லை நிறுத்திவிட்டு, நடுங்கும் அத்தந்தியையே உற்று நோக்குகின்றாள்.