விளக்கு கணக்கில் இல்லை

மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு அமெரிக்கா புறப்படும் பெரியவர்கள் இன்று ஸ்ரீரங்கத்தில் வீதிக்கு வீதி இருக்கிறார்கள். பூட்டிய வீடோ சும்மா இருப்பதில்லை. கிணற்று மோட்டாரை வாரம் ஒருமுறையாவது ஓட்டாவிட்டால் இறுகிப்போகும். நிலைப்படியில் கரையான் ஏறும். தொட்டித் தண்ணீரில் கொசு முட்டையிடும். தென்னை மட்டை பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் விழுந்து சண்டையை வரவழைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று தலைமுறையாக விளக்கெரிந்த பூஜை அறை இருண்டு கிடக்கும். அதுதான் பெரியவர்களுக்கு மனம் பொறுக்காதது.

அடையவளைஞ்சான் வீதியில் ஓர் ஒண்டுக்குடித்தனத்தில் வசிக்கும் அம்மாள் ஒருவருக்கு இந்த வேலை தானாகத் தேடிவந்தது. வயது 63. கணவர் தனியார் கடையில் கணக்கெழுதியவர். ஓய்வூதியம் இல்லாத உத்தியோகம். அவர் காலமான பின் அப்பளம், வடாம் இட்டு விற்றுக் காலம் தள்ளிவந்தார். சித்திரை வீதியில் இருந்த தம்பதியர் ஆனி மாதம் பிறந்தபோது இவரை அழைத்துச் சாவியைக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், 74 வயது. மூன்று மாதம், மாதம் 6,000 ரூபாய், இரவில் அங்கேயே படுத்துக்கொள்ள வேண்டும், காலையும் மாலையும் விளக்கேற்ற வேண்டும், துளசிக்கு நீர் ஊற்ற வேண்டும். இதுதான் பேச்சு. சாளக்கிராமப் பெட்டியைத் திருவாராதனம் தடைப்படாதபடி தம் ஒன்றுவிட்ட தம்பியின் இல்லத்தில் எழுந்தருளச் செய்திருந்தார் பெரியவர். படங்களும் குத்துவிளக்கும் மட்டும் வீட்டில் இருந்தன. வெள்ளிப் பாத்திரங்கள் அடங்கிய ஒரு மரப்பெட்டியையும் அம்மாளின் பொறுப்பில் விட்டார்கள். மூன்று மாதத்துக்கான 18,000 ரூபாயை முன்னதாகவே கொடுத்துவிட்டார்கள். அந்த அளவில் அவர்கள் நல்லவர்களே.

எழுதி வைத்துக்கொள்ளலாமா என்று அம்மாள் கேட்டபோது பெரியவர் சிரித்தார். “நமக்குள் என்ன பத்திரம்?” என்றார். அம்மாள் வற்புறுத்தவில்லை. ஆனால் கணக்கெழுதியவரின் மனைவி அல்லவா? அன்று மாலையே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் அந்த வீட்டில் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட சாமான்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.

புரட்டாசியில் அமெரிக்காவிலிருந்து வாட்ஸ்அப்பில் பெரியவரின் குரல் வந்தது. குழந்தைக்கு இன்னும் கழுத்து நிற்கவில்லை. மகள் விட மாட்டேன் என்கிறாள். மேலும் மூன்று மாதம் பார்த்துக்கொள். வந்து கணக்குத் தீர்த்துவிடலாம். அவ்வளவுதான். பணம் வரவில்லை. கேட்கவும் அம்மாளுக்கு நா எழவில்லை. மின்கட்டணம் மூன்று முறை கட்டினார்: 1,420 ரூபாய். ஐப்பசி மழையில் மோட்டார் எரிந்துபோயிற்று. சுருள் மாற்ற 3,200. குழாய் உடைந்ததற்கு 860. தேங்காய் பறித்தவருக்கு 400. எல்லாம் அப்பளக் காசு. அந்த 3,200 ரூபாய்க்காகக் காதில் இருந்த தோட்டை அடகு வைத்தார் என்பது பின்னர்தான் பிறருக்குத் தெரிந்தது.

மார்கழி பிறந்து நான்காம் நாள் தம்பதியர் வந்து சேர்ந்தார்கள். பகல் பத்து உற்சவத்தைத் தவறவிடக் கூடாது என்று நாள் பார்த்து வந்தவர்கள். வீடு துடைத்து வைத்தாற்போல் இருந்தது, வாசலில் கோலம் இருந்தது, விளக்கு எரிந்தது. இரண்டு நாள் கழித்து அம்மாள் நோட்டை எடுத்துச் சென்று மெல்லப் பேச்சை எடுத்தபோதுதான் பெரியவரின் முகம் மாறிற்று.

“மூன்று மாதம் என்றுதானே பேச்சு? அதற்குக் கொடுத்தாயிற்றே.”

அடுத்து, ஆறு மாதம் வாடகையில்லாமல் தம் வீட்டில் தங்கியதைச் சொல்லிக் காட்டினார். குளிர்சாதனப் பெட்டி பாழாகிவிட்டது, புதிதாக வாங்க வேண்டும், அதற்கு 12,000 ஆகும் என்றார். தேங்காய்கள் என்னவாயின என்று கேட்டார். குத்துவிளக்கின் உச்சியில் இருந்த அன்னம் சாய்ந்திருப்பதை அவர் மனைவி சுட்டிக்காட்டினார். கடைசியாக ஒரு சொல் வந்தது.

“இதோ பாரம்மா, பெருமாளுக்கு விளக்கேற்றுவது கைங்கரியம். அதற்குக் கூலி கேட்பார்களா? ஐயாயிரம் தருகிறேன், வைத்துக்கொள்.”

அம்மாள் அந்தப் பணத்தைத் தொடவில்லை. ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார். அன்றிரவு அவர் உறங்கவில்லை. பணத்தைவிட அந்தச் சொல்தான் உறுத்திற்று. கேட்டால் கைங்கரியத்தை விற்றவளாவோம்; கேட்காவிட்டால் அடகில் இருக்கும் தோடு மூழ்கிவிடும். பக்தியின் பெயரைச் சொல்லி ஓர் ஏழையின் வாயை அடைப்பது எளிது. அதைச் செய்பவருக்கே தாம் செய்வது தெரிவதில்லை என்பதுதான் அதில் உள்ள கொடுமை. அந்தப் பெரியவர் நாள்தோறும் அர்ச்சுன மண்டபத்தில் நம்பெருமாள் சேவைக்கு முதல் ஆளாக நிற்பவர். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

பக்கத்துக் குடித்தனக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வெள்ளிப் பெட்டி இன்னும் அம்மாளின் அறையில்தான் இருந்தது. கார்த்திகையில் தெருவில் திருட்டு பயம் என்று அதைத் தம் அறைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். “பணம் வந்தால் பெட்டி வரும் என்று சொல்லிவிடுங்கள்” என்றார் ஒருவர். நியாயம் போலவே தோன்றியது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அதே வீதியில் இருந்தார். நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனார்.

சிரஸ்தார் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். பிறகு முதலில் சொன்னது இது: “பெட்டியை இன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.” நிலுவைக்காகப் பிறர் பொருளைப் பொதுவாகப் பிடித்து வைக்கும் பற்றுரிமையை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் வங்கியர், சரக்கு முகவர் போன்ற சிலருக்கு மட்டுமே தந்திருக்கிறது, அந்த உரிமை வேண்டும் என்று தனியாக ஒப்புக்கொண்டிருந்தாலன்றி மற்றவர்க்கு இல்லை. பெட்டியைப் பிடித்துவைத்தால் கேட்பவர் பக்கம் இருக்கும் நியாயம் முழுவதும் போய்விடும், திருட்டுப் பழியும் வரலாம் என்றார்.

மற்றவை தைரியம் தருவனவாக இருந்தன. வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே. பேச்சே இல்லாத இடத்தில் கூட, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பயனை மற்றவர் அனுபவித்தால் ஈடு தரவேண்டும் என்று அதே சட்டத்தின் 70ஆம் பிரிவு சொல்கிறது. இங்கோ பேச்சும் இருந்தது. அந்தக் குரல் கைப்பேசியில் அழியாமல் இருக்கிறதா என்று கேட்டுப் போட்டுப் பார்த்தார், இருந்தது. சம்பள நிலுவைக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அதுவும் வேண்டாம் என்றால் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. நீதிமன்றக் கட்டணம் இல்லை. இரு தரப்பும் சம்மதித்து அங்கே முடித்தால் மேல்முறையீடும் இல்லை. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவசச் சட்ட உதவி உண்டு. “ஆனால் அங்கே போகுமுன் ஒருமுறை நேரில் பேசுவோம். நானும் வருகிறேன்” என்றார்.

பிறகு நோட்டில் ஓரிடத்தைச் சுட்டி, “விளக்கெண்ணெய், திரி எங்கே எழுதியிருக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

“அது கணக்கில் இல்லை” என்றார் அம்மாள். “அது நான் பெருமாளுக்கு வாங்கியது.”

சிரஸ்தார் சிறிது நேரம் பேசவில்லை.

அன்று மாலையே பெட்டி சித்திரை வீதிக்குப் போயிற்று. பாத்திரங்களைப் பெரியவரின் மனைவி எதிரிலேயே எண்ணிக் காட்டி, பெற்றுக்கொண்டதற்கு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுச் சாவியையும் கோலப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

பகல் பத்தின் பத்தாம் நாள், நம்பெருமாள் மோகினி அலங்காரத்தில் எழுந்தருளும் நாள். சேவை முடிந்து பிற்பகலில் சிரஸ்தாரும் அம்மாளும் அந்த வீட்டுக்குச் சென்றார்கள். பெரியவர் சிரஸ்தாரைத் திண்ணையிலேயே எதிர்கொண்டு உபசரித்தார். வந்த காரியம் தெரிந்ததும் சற்றுச் சுருங்கினார்.

அம்மாள் தாமே படித்தார். ஆறு மாதச் சம்பளம் 36,000, வரவு 18,000, நிலுவை 18,000. கைச்செலவு 5,880, நான்கு ரசீதுகள். காய்த்த தேங்காய் 64. அதில் 40 விற்று வந்த 600 ரூபாயைக் கழித்திருந்தார். மீதி 24 உக்கிராண அறையில் கோணியின் கீழ் இருந்தன. ஐப்பசியில் தமக்கைக்கு உடல்நலம் இல்லையென்று சேலம் சென்ற 11 நாளும் பூக்காரியின் மகனைப் படுக்க வைத்திருந்தார். அந்த நாட்களுக்குச் சம்பளம் கேட்பது முறையில்லை என்று 2,200 ரூபாயைத் தாமே கழித்திருந்தார். தரவேண்டியது 21,080.

அந்தப் 11 நாள் விஷயம் பெரியவருக்குத் தெரியவே தெரியாது. நிமிர்ந்து பார்த்தார்.

“வாடகை?” என்றார், முன்போல உறுதியின்றி.

“என் அறைக்கு ஆறு மாதமும் 3,500 வாடகை கட்டிக்கொண்டுதான் இருந்தேன், மாமா. இங்கே காவலுக்குத்தான் படுத்தேன்.”

சிரஸ்தார் கைப்பேசியில் புரட்டாசிக் குரலைப் போடச் சொன்னார். தம் குரலே தம் கூடத்தில் ஒலிப்பதைப் பெரியவர் கேட்டுக்கொண்டிருந்தார். “வந்து கணக்குத் தீர்த்துவிடலாம்” என்ற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

குளிர்சாதனப் பெட்டி விஷயத்தில் அம்மாள் வாதாடவில்லை. மின்சாரத்தை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினார். கதவைச் சிறிது திறந்து வைக்கத் தெரியவில்லை. உள்ளே பூஞ்சை பிடித்து ரப்பர் இற்றுவிட்டது. “அது என் தவறு” என்றார். பழுது பார்ப்பவரை முதல் நாளே சிரஸ்தார் அனுப்பி வைத்திருந்தார். ரப்பர் மாற்றிச் சுத்தம் செய்ய 1,800 என்று சொல்லிப்போயிருந்தார். 12,000 அங்கே 1,800 ஆயிற்று. அதையும் கழித்து 19,280.

குத்துவிளக்கு ஒன்றுதான் மீதி. அம்மாள் நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டிப் பெரியவரின் மனைவியிடம் நீட்டினார். ‘குத்துவிளக்கு 2. ஒன்றில் அன்னம் சாய்ந்தது’ என்று ஆனி மாதத் தேதியிட்டு எழுதியிருந்தது. அந்த மாமி வெகுநேரம் அதையே பார்த்தார்.

“போன வருஷம் பேரன் இழுத்துத் தள்ளினானே, நினைவில்லையா?” என்றார் கணவரிடம். பிறகு அம்மாளைப் பார்க்காமலே, “நான்தான் மறந்துவிட்டேன்” என்றார்.

பெரியவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் 20,000 ரூபாய் இருந்தது. “சரியாக இருக்கட்டும், வைத்துக்கொள்” என்றார். அம்மாள் இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து, 720 ரூபாயை எண்ணி எதிரே வைத்தார். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது. மேற்கொண்டு கொடுத்து மனத்தாங்கலை ஆற்றிக்கொள்ள நினைத்தவருக்கு அந்த வழியும் அடைபட்டுவிட்டது. அம்மாள் அந்த 720ஐ வாங்கிக்கொண்டிருக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. வாங்கியிருந்தால் மற்ற 19,280ம் தர்மமாகக் கொடுத்ததாகவே ஆகியிருக்கும்.

இருவரும் நோட்டில் கையெழுத்திட்டார்கள். சிரஸ்தார் சாட்சியானார். மறுநாள் விடியற்காலை பரமபத வாசல் திறந்தபோது மூன்று பேரும் அதே கூட்டத்தில்தான் இருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்ததாகத் தெரியவில்லை. தோடு தை பிறக்குமுன் காதுக்குத் திரும்பிற்று.

உறவு மட்டும் பழையபடி ஆகவில்லை. அடுத்த ஆனியில் தம்பதியர் மறுபடியும் புறப்பட்டபோது சாவி வேறொருவரிடம் போயிற்று. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். அம்மாளுக்கு ஏமாற்றம்தான், மாதம் 6,000 ரூபாய் அப்பளத்தில் வராது.

ஒரு வாரம் கழித்து அந்த நடத்துநரே இவரைத் தேடிவந்தார். மோட்டார் ஓடவில்லை, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியவில்லை. எப்படி ஓட்டுவது, எத்தனை நிமிடத்தில் தொட்டி நிரம்பும், எந்தக் குழாயைக் கடைசியில் மூட வேண்டும் என்றெல்லாம் அம்மாள் பொறுமையாகச் சொன்னார்.

“மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் என்று எழுதிக்கொண்டீர்களா?”

“பேசியிருக்கிறோம், அம்மா. பெரிய மனிதர்கள்தானே.”

அம்மாள் உள்ளே சென்று நோட்டை எடுத்துவந்தார். பின்னால் வெற்றுப் பக்கங்கள் நிறைய மிச்சம் இருந்தன. எழுதுகோலை அவர் கையில் கொடுத்து, முதல் பக்கத்தைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்.

“குத்துவிளக்கு இரண்டு. எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றில் அன்னம் சாய்ந்தது.”