600 எம்எம் லென்ஸும் நம்ம தோள்பட்டையும்

1/ காவிரிக் கரையில காலை நடை வர்றவங்க கையில இப்போ நீளமான லென்ஸ் நிறைய தெரியுது. "சோனி 200-600 வாங்கலாமா டாக்டர்?"னு கேட்கிறவங்களுக்கு இந்த இழை.

2/ முதல்ல எடை. லென்ஸ் மட்டும் 2,115 கிராம். கேமராவோட சேர்த்தா 3 கிலோ கிட்ட வரும். கையை நீட்டிப் பிடிக்கப் பிடிக்க தோள்மேல விழற சுமை கூடும். அதனால முழங்கையை விலாவோட ஒட்டி வைங்க, இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில இருக்கட்டும். இது ஜூம் பண்ணும்போது நீளாத லென்ஸ், பேலன்ஸ் பெருசா மாறாது. மூக்கு நீளும் லென்ஸ்கள்ல எடை முன்னாடி சாயும்.

3/ அடுத்தது ஆட்டோஃபோகஸ். நம்ம கண்ணுல இருக்கிற லென்ஸ் தன் வடிவத்தை மாத்தி ஃபோகஸ் பண்ணும். 40 வயசு தாண்டினா இறுகும், அதுதான் வெள்ளெழுத்து. கேமரா லென்ஸுக்குள்ள கண்ணாடிகள் முன்னும் பின்னும் நகருது.

4/ அம்மா மண்டபத்துக்கு மேல செம்பருந்து, அதாங்க நாம கன்னத்துல போட்டுக்கிற கருடன், வெறும் வானத்துல வட்டமிட்டா ஃபோகஸ் ஒட்டிக்கும். அதே பறவை ராஜகோபுரத்துக்கு முன்னாடி வந்தா சுதைச் சிற்பத்துக்குத் தாவிடலாம். நுணுக்கமான கோடுகள் எங்க அதிகமோ அங்க போறது ஃபோகஸோட குணம். வானத்துல இருக்கும்போதே பிடிச்சு, விடாம தொடருங்க. லிமிட்டரை 10 மீட்டருக்கு மேலன்னு வச்சா தேடற நேரம் குறையும்.

5/ ஸ்டெபிலைசேஷன் நம்ம கை நடுக்கத்துக்குத்தான், சிறகடிப்புக்கு இல்ல. பறக்கிற பறவைக்கு 1/2000 வைங்க. வெயில் ஏறினதும் மணல்திட்டு மேல கானல் ஆடும். அப்போ படம் மசமசன்னு வந்தா லென்ஸைத் திட்டாதீங்க.

6/ மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு எடுத்துட்டுப் போனா 2.4 மீட்டர் தள்ளி நில்லுங்க. அதைவிடக் கிட்ட ஃபோகஸ் ஆகாது.

7/ என்கிட்ட வர்ற ஒருத்தர், ரிட்டயர் ஆனவர், சர்க்கரை நோயாளி. தோள் இறுகிப்போச்சு. சர்க்கரை உள்ளவங்களுக்கு இது அதிகமா வரும். "லென்ஸை வித்துடுங்க"னு வீட்டுல ஒரே பேச்சு. நான் வேண்டாம்னேன். மோனோபாட் வாங்கச் சொன்னேன், பிசியோதெரபி எழுதிக் கொடுத்தேன். தினமும் விடிகாலையில அவரை ஆத்தங்கரைக்கு நடக்க வைக்கிறது அந்த லென்ஸ்தான். அந்த நடையை என்னால மாத்திரையா எழுதித் தர முடியாது.

8/ ராத்திரி தோள் வலியில தூக்கம் கலையுதா, கையைத் தூக்கித் தலை சீவ முடியலையா? லென்ஸைக் கீழே வச்சுட்டு முதல்ல டாக்டரைப் பாருங்க. கருடன் நாளைக்கும் வரும்.