வல்லவனும் புல்லும்

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது நம்மவர் நாவில் அடிக்கடி எழும் பழமொழி. இல்லாமையினூடே வாழ்ந்து பழகிய சமூகத்தினர்க்கு இப்பழமொழியில் தனியான ஒரு பெருமிதம் உண்டு. கடையில் வாங்கவேண்டியதை வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே செய்து முடிப்பவரைக் கண்டால் நாம் மெச்சுகிறோம். அது மெச்சத்தக்கதே. ஆயினும் புல்லை நினைவில் வைத்துக்கொண்டு வல்லவனை மறந்துவிடுவோமாயின், அதனாற் கேடு விளைதலும் கூடும். இவ்வுண்மையை விளக்குதற்கு மிகச் சிறியதொரு பொருளை எடுத்துக்கொள்வோம். அது மின்கலத் தாங்கி.

ரோச் லைற்றின் அடிமூடியைத் திருகிக் கழற்றினால் ஒரு சுருள்வில் தெரியும். பிள்ளைகளின் விளையாட்டு மோட்டார் வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் மின்கலம் கிடக்கும் பள்ளமும், அதன் இரு முனையிலும் உலோகத் தகடுகளும் தெரியும். இவைதாம் தாங்கி. அதற்கு மூன்று கடமைகள் உள. கலம் அசையாமற் பிடித்தல் ஒன்று. முனைகளை அழுத்தித் தொடுதல் ஒன்று. தொடக்கூடாத இரண்டு ஒன்றையொன்று தொடாமற் காத்தல் மற்றொன்று. முதலிரண்டையும் எவரும் எளிதில் உணர்வர். மூன்றாவதே அறிவை வேண்டுவது.

அழுத்தித் தொடுதல் என்பது மின்கலம் பிறந்த அன்றே தோன்றிய முறையாகும். 1800ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் அலெசாந்திரோ வோல்ற்றா தாம் அமைத்த மின்னடுக்கைப் பற்றி இலண்டன் றோயல் சங்கத்துக்கு எழுதியறிவித்தார். வெள்ளித் தகடு, நாகத் தகடு, உப்புநீரில் தோய்த்த அட்டை என மாறிமாறி அடுக்கிய தூண் அது. சுற்றிலும் நிறுத்திய கோல்கள் அதைச் சரியாமற் காத்தன. தகடுகளின் பாரமே அவற்றை நெருக்கித் தொடச் செய்தது. உலகின் முதல் மின்னடுக்கு, தானே ஒரு தாங்கியினுள்ளேதான் நின்றது.

யாழ்ப்பாணத்தில் நம் இளமைக்காலத்தில் இத்தாங்கி வீட்டுக்கு வீடு செய்யப்பட்டது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மறுபடியும் மூண்டபின் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. பொருளாதாரத் தடையினால் மின்கலமும் வரத்தடுத்த பொருள்களுள் ஒன்றாயிற்று. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, தைனமோவில் எழும் மின்சாரத்தைக் கொண்டு பி.பி.சி. தமிழோசையின் செய்தியைக் கேட்ட மாலைகளை அக்காலத்தார் எவரும் மறவார். ஓய்ந்துபோன பழைய மின்கலங்களை முற்றத்து வெயிலிற் காயவைப்பதும், அடியில் துளையிட்டு உப்புநீர் வார்ப்பதும் அன்றாடக் காட்சிகள்.

இவ்வாறு அரையுயிர் பெற்ற கலங்களில் இரண்டு செய்யவேண்டிய வேலையை நான்கு, ஐந்து சேர்ந்தே செய்ய முடிந்தது. ஆனால் அத்தனைக்கும் இடந்தரும் கருவி எது? எங்கள் ஐயா பனஞ்சலாகைத் துண்டொன்றில் தவாளிப்பு வெட்டினார். பிஸ்கற் தகரத்தை வெட்டி மடித்து இரு முனையிலும் ஆணியால் அறைந்தார். சைக்கிள் ரியூப்பில் நறுக்கிய இறப்பர்ப் பட்டையால் கலங்களை இறுக்கிக் கட்டினார். ஈயம் உருக்கும் கருவிக்கு மின்சாரம் ஏது? ஈயப்பற்று ஒன்றும் இல்லாமலே அத்தாங்கி மாதக்கணக்கில் உழைத்தது. அயலவர் பலர் வந்து பார்த்து அதுபோலவே செய்துகொண்டனர்.

அந்நாளில் தாங்கி செய்தவர் கம்பிகளை மாறித் தொடுத்தாலும் பெருந்தீங்கு நேர்ந்ததில்லை. அதற்குக் காரணம் செய்தவரின் திறமை மட்டுமன்று, கலத்தின் இயல்புமாகும். நாகமும் கரியும் கொண்ட உலர்மின்கலம் 1.5 வோல்ற்று அழுத்தமுடையது. அதனுள்ளேயே தடை சற்று மிகுதி. இரு முனையையும் கம்பியால் நேரே இணைத்தாலும் சில அம்பியர் ஓட்டமே செல்லும். கலம் சிறிது சூடேறி ஓய்ந்துவிடும். பிழை செய்தவரைப் பொறுத்துக்கொண்ட பொருள் அது.

இன்று நம் பிள்ளைகளின் கையில் இருப்பதோ வேறொரு பொருள். அண்மையில் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் பாடம் முடிந்தபின் நம்மிடம் வந்தார். காற்சட்டைப் பையிற் கையைவிட்டு ஒரு மின்கலத்தை எடுத்தார். அதனுடன் வீட்டுத் திறப்பும் இரண்டு நாணயங்களும் சேர்ந்து வந்தன. பழுதான மடிக்கணினியிலிருந்து கழற்றிய இலிதியம் கலம் அது. மேலுறை ஓரிடத்திற் கிழிந்திருந்தது.

“சேர், ஈயம் பிடிக்காமல் இதற்கு ஒரு தாங்கி செய்யலாமா?”

“எதற்குத் தம்பி?”

அவர் சற்றுத் தயங்கினார். வெளிநாட்டிலிருந்து வந்த தமையனாரின் மின்சிகரெற்றுப் பெட்டி உடைந்துவிட்டதாம். புதிது வாங்கும் செலவின்றி வீட்டிலேயே செய்துதருவதாகத் தம்பியார் வாக்களித்துவிட்டாராம்.

நாம் முதலிற் செய்தது திறப்பையும் நாணயங்களையும் அப்பாற் படுத்தியதே. அடுத்து அக்கலத்தை உலர்ந்த கடதாசிப் பெட்டி ஒன்றிலிட்டோம். “இதெல்லாம் உனக்கு வேண்டாத வேலை” என்று ஒரு சொல்லில் அனுப்பியிருக்கலாம். அனுப்பியிருந்தால் அவர் வீட்டின் ஒரு மூலையிலிருந்து அதைச் செய்திருப்பார். அந்த வீட்டில் ஒரே அறையில் ஐவர் உறங்குகின்றனர் என்பதை நாம் அறிவோம். ஆதலின் கரும்பலகையை அழித்துவிட்டு இருவருமாக நின்று கணக்கிடத் தொடங்கினோம்.

ஈயம் பிடிக்காமல் என்று அவர் கேட்டது சரியே. இலிதியம் கலத்தினுள் இரு முனைகளையும் பிரித்து வைத்திருப்பது மெல்லிய பிளாத்திக்குப் படலம். பெரும்பாலும் பொலியெதிலீனாலான அப்படலம் ஏறத்தாழ 130 பாகை செல்சியசிலே உருகத் தொடங்கும். ஈயம் உருக்கும் கருவியின் நுனியோ 300 பாகைக்கு மேற் சூடுடையது. தொழிற்சாலைகளில் நிக்கற் பட்டையைக் கணப்பொழுதில் புள்ளியாகப் பற்றவைப்பது அதன் பொருட்டே. எனவே வீட்டிற் செய்வோர்க்கு அழுத்தித் தொடும் தாங்கியே ஏற்றது. இதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. கணக்கு அதன்பின் வந்தது.

மின்சிகரெற்று என்பது 2003ஆம் ஆண்டில் சீன மருந்தாளர் கொன் இலிக் உருவாக்கிய கருவி. மின்கலம் ஒரு சிறு கம்பிச் சுருளைச் சூடாக்கும். சுருள் நிக்கொற்றீன் கலந்த திரவத்தை ஆவியாக்கும். அச்சுருளின் தடை அரை ஓம் என்று கொள்வோம். கலத்தின் அழுத்தம் 4 வோல்ற்று. தகரமும் வில்லும் தொடுமிடத்தில் துருவினாலோ தளர்வினாலோ ஓம் ஒன்றில் பத்திலொரு பங்கு தடை இருக்குமாயின், மொத்தத் தடை 0.6 ஓம். ஓட்டம் ஏறத்தாழ 6.7 அம்பியர். தொடுமிடத்தில் மாத்திரம் 4 வாற்றுக்கு மேலான வெப்பம் பிறக்கும். விரல்நுனியளவான வில்லில் அவ்வளவு வெப்பம்! சூடேறிய வில் தன் விறைப்பை இழக்கும். விறைப்பு இழந்தால் தொடுகை தளரும். தளர்ந்தால் மேலும் சூடேறும். 0.3 அம்பியர் மட்டும் எடுக்கும் ரோச் குமிழில் இதே பழுது நூறிலொரு வாற்று வெப்பத்தையும் உண்டாக்காது. பனஞ்சலாகைத் தாங்கி மாதக்கணக்கில் உழைத்த மருமம் இதுவே.

“அந்தத் திறப்பு இரு முனையையும் தொட்டிருந்தால்?” என்று மாணவர் தாமே கேட்டார்.

அதையும் கணக்கிட்டோம். இலிதியம் கலத்தின் உள்தடை ஓம் ஒன்றில் நூறிற் சில பங்கே. 4 வோல்ற்றை 0.04 ஓமாற் பிரித்தால் 100 அம்பியர். நம் வீட்டுச் சுவர்ச் சொருகிக்குரிய உருகியின் அளவோ 13 அம்பியர் மாத்திரமே. மேலும் அக்கலத்தின் உலோக உடல் முழுவதும் எதிர்முனை. நேர்முனை தலையிலுள்ள சிறு வட்டம் மாத்திரமே. இரண்டையும் பிரிப்பது ஒரு மெல்லிய வளையமும் மேலுறையுமே. அவர் கொண்டுவந்த கலத்திற் கிழிந்திருந்தது அந்த மேலுறைதான். மாணவர் தம் காற்சட்டைப் பையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். நாம் ஒன்றும் சொல்லவில்லை.

எனினும் தாங்கி செய்யும் ஆவலை அணைத்துவிட நாம் விரும்பவில்லை. மறுநாள் இரண்டு பெரிய ரோச் மின்கலங்களுக்கு ஒரு தாங்கியை அவர் கையாலேயே செய்வித்தோம். வீட்டிலுள்ள மாணவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். இரு கலங்களும் வரிசையாகக் கிடக்கும் நீளத்துக்கு ஒரு பலகை. அதன் இரு முனையிலும் நிமிர்ந்த மரக்கட்டைகள். பித்தளைத் தகட்டுக் கீலங்கள் இரண்டை, குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளியிட்டுத் துலக்கி, நன்றாகக் கழுவி உலர்த்துக. புளி எஞ்சினால் பித்தளையை அரிக்கும். ஒரு கீலத்தை வில்போல வளைத்துக் கட்டையில் திருகாணியால் இறுக்குக. மற்றதைத் தட்டையாக இறுக்குக. திருகாணியின் கீழே வாஷர் ஒன்று வைத்து, தோலுரித்த கம்பியைத் திருகாணி முடுகும் திசையிலேயே சுற்றினால், முடுக முடுகக் கம்பி உள்ளே இழுபட்டு இறுகும். எதிர்த்திசையிற் சுற்றினால் வெளியே நழுவும். தட்டைக் கீலத்தின்மேல் நடுவில் துளையுள்ள மட்டைத் துண்டொன்றை ஒட்டுக. கலத்தின் நேர்முனைக் குமிழ் மாத்திரமே துளையினூடே தகட்டைத் தொடும். கலத்தை மாறி வைத்தால் விளக்கு எரியாது. தாங்கியின் மூன்றாவது கடமைக்கு இவ்வாறு ஒரு மட்டைத் துண்டும் உதவலாம்.

அவ்வாரக் கடைசியில் தமையனார் நம் வீட்டுக்கு வந்தார். கோபத்தோடு வருகிறாரோ என்று எண்ணினோம். அவ்வாறில்லை. தம்பி எழுதிக் கொண்டுசென்ற கணக்கைக் கையில் வைத்திருந்தார். “இதை ஒருதரம் விளங்கப்படுத்துங்கோ, சேர்” என்றார். விளக்கினோம். தாமே ஒருமுறை பெருக்கிப் பார்த்தார். வீட்டில் தாங்கி செய்வதில்லை என்று முடிவு செய்தார். நிக்கொற்றீன் அடிமைப்படுத்தும் பொருள் என்பதையும் கூறினோம். அதற்கு அவர் மறுமொழி சொல்லவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை. தேநீர் அருந்திவிட்டுச் சென்றார்.

பெற்றோர்க்கு நாம் சொல்லக்கூடியது இது: பிள்ளை எதையாவது பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தால் பறித்து எறியாதீர்கள். அருகிலிருந்து, எந்தக் கலம், எத்தனை வோல்ற்று, எவ்வளவு ஓட்டம் என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் ஆசிரியரிடம் அனுப்புங்கள். கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளையே வல்லவன்.

இன்னொன்றும் உண்டு. மாலையில் வளவைக் கூட்டிச் சருகோடு குப்பையையும் சேர்த்துக் கொளுத்துவது நம்மூர் வழக்கம். பழைய கைப்பேசி மின்கலமோ மடிக்கணினிக் கலமோ அக்குவியலிற் கிடந்தால், தீயில் அது வெடித்துச் சிதறும். குப்பை கூட்டுபவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள பாட்டியோ அம்மாவோதான். ஆகவே பழைய கலங்களின் முனைகளில் ஒட்டுநாடாவைச் சுற்றி, உலர்ந்த இடத்தில் வேறாக வைத்து, பழைய மின்பொருள்களைச் சேகரிப்போர் வரும்போது அவர்களிடம் ஒப்படையுங்கள்.