காணாமல் கொடுத்த காசு

அம்மாவுக்கு 72 வயதில்தான் அடுத்தவர் விரித்த படுக்கையில் படுக்க வாய்த்தது. மூன்று பிரசவத்துக்கு அரசு மருத்துவமனையில் கிடந்த நாட்களைக் கழித்துவிட்டுச் சொல்கிறேன். 2023 டிசம்பரில், பருவத் தேர்வு முடிந்த விடுமுறையில், சிங்கப்பூரில் இருக்கும் அக்கா எங்களை அழைத்திருந்தாள். மரீனா பேயிலிருந்து கிளம்பி, பினாங்கும் புக்கெட்டும் போய்த் திரும்பும் கப்பல். நான்கு இரவுகள். அக்கா, அத்தான், அவர்கள் மகன், அம்மா, நான் என்று ஐந்து பேர். செலவு முழுக்க அத்தானுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

முதல் நாள் காலை அம்மா ஐந்து மணிக்கு எழுந்து, எங்கள் அறையின் இரண்டு படுக்கைகளையும் விரித்து, போர்வைகளை மடித்து வைத்துவிட்டாள். குளியலறைத் தரையைத் துண்டால் துடைத்தும் விட்டாள். ஒன்பது மணிக்கு அறையைச் சுத்தம் செய்யும் பெண் வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டையில் பெயர்ப் பட்டை, அதன் கீழே பிலிப்பைன்ஸ் என்று நாட்டின் பெயர். அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். இதைப் படித்துவிட்டு யாரும் அவளைத் தேடிப் போக வேண்டாம். மடித்த போர்வைகளைப் பார்த்து அம்மாவிடம் கைகூப்பிச் சிரித்தாள். கண்ணாடி எடுக்க மறந்து நான் திரும்பி வந்தபோது, அம்மா விரித்ததை எல்லாம் உருவிப் போட்டு மறுபடி விரித்துக்கொண்டிருந்தாள். மூலைகள் ஒரே கோணத்தில் மடிய வேண்டுமாம். மேலதிகாரி வந்து பார்ப்பாராம்.

"உங்கள் அம்மா அழகாகத்தான் விரித்திருக்கிறார். எங்கள் கணக்கு வேறு" என்றாள்.

அம்மாவின் அன்பு அவளுக்கு ஐந்து நிமிட வேலையைக் கூட்டியிருந்தது. அவளுக்குப் பதினாறு அறைகள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப நான் என்னத்தச் செய்ய?" என்று கேட்டாள். சும்மா இரு என்றேன். அவள் வாழ்க்கையில் யாரும் அவளிடம் சொல்லாத சொல் அது. என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். மாலையில் அந்தப் பெண் திரும்பி வந்ததும், "ஏட்டி, அந்தப் பிள்ள சாப்ட்டாளான்னு கேளு" என்றாள். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் கையில் இருந்த தலையணையை அப்படியே பிடித்தபடி ஒரு நொடி நின்றாள். "குமாயின் கா நா?" என்றாள். அவர்கள் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது இதுதானாம், சாப்பிட்டாயா என்று. அவளுடைய அம்மா தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வியும் அதுவே. ஆறு வயது மகளை அந்த அம்மாவிடம்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். எட்டு மாத ஒப்பந்தம், ஏப்ரலில் முடியும்.

இரண்டாம் நாள் இரவு அத்தான் அறையிலிருந்த தொலைக்காட்சியில் எங்கள் கணக்கைத் திறந்து பார்த்தார். ஒருவருக்கு ஓர் இரவுக்கு 16 அமெரிக்க டாலர் வீதம் பணிக்கொடை என்று ஏறியிருந்தது. ஐந்து பேர், நான்கு இரவு. 320 டாலர். ஏறக்குறைய 26,500 ரூபாய்.

"இது யாரு கேட்டு போட்டது? டிக்கெட்லயே எல்லாம் சேர்த்துத்தான குடுத்திருக்கேன்?" என்றார். எடுத்துவிடலாம், வரவேற்பு மேசையில் சொன்னால் போதும் என்று அவருடைய நண்பர் யாரோ சொல்லியிருக்கிறார். "நாம கையில குடுத்துக்கலாம். யாரு நல்லா வேலை செய்றாங்களோ அவங்களுக்கு." என்னைப் பார்த்து, "நீதான் நல்லா இங்கிலீஷ் பேசுவ, போய்ச் சொல்லிட்டு வாயேன்" என்றார்.

நான் போனேன். கௌரவ விரிவுரையாளராக நான் வேலையைத் தொடங்கியபோது என் மாதச் சம்பளம் 10,000 ரூபாய். 26,500 என்பது என் கண்ணுக்கு இன்றும் பெரிய தொகை. அதுவும் அடுத்தவர் பணம். ஆனால் வரிசையில் நின்றபோது எனக்குத் துணைக்கு வந்தது இந்தக் கணக்கு மட்டுமல்ல, புறநானூறும்தான்.

208ஆம் பாட்டைப் பதினைந்து ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பார்க்கப் போகிறார். அவன் அவரைப் பார்க்காமலே பரிசிலை மட்டும் கொடுத்தனுப்புகிறான். புலவர் மறுத்துவிடுகிறார். என்னைப் பார்க்காமல், என் தகுதியை அறியாமல் கொடுத்ததை வாங்கிப் போக நான் வியாபாரி இல்லை, அறிந்து கொடுத்தால் தினையளவும் போதும் என்பது அவர் சொன்னதன் சாரம். இதை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும். அந்த வரிசையிலும் மனதுக்குள் குரல் உயர்ந்தது. கணக்கில் தானாக ஏறும் காசு காணாமல் கொடுக்கும் காசுதானே? அதில் என்ன மரியாதை இருக்கிறது? நேரில் பார்த்து, பெயர் சொல்லி, கையில் கொடுப்பதல்லவா முறை?

மேசையில் இருந்த இளைஞர், "சேவையில் ஏதாவது குறையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு எதுவும் கேட்காமல் ஒரு படிவத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை.

மறுநாள் மாலை அந்தப் பெண் துண்டில் ஒரு யானை செய்து அம்மாவின் படுக்கையில் வைத்திருந்தாள். அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. மடிப்பைப் பிரித்து எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு 20 டாலர் நோட்டை அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள், நன்றி சொன்னாள். எனக்குள் பெருஞ்சித்திரனார் திருப்தியாக இருந்தார். கொஞ்சம் பெருமையாகவே, நாங்கள் கையில் கொடுப்பதைத்தான் விரும்புகிறோம் என்றேன். அவள் முகம் மாறியதா என்று இப்போது யோசித்தாலும் சொல்ல முடியவில்லை. முகம் மாறாமல் இருப்பதுதான் அவளுக்குச் சம்பளம் கொடுக்கப்படும் வேலை.

"என் அறையில் இன்னொரு பெண் இருக்கிறாள். கீழே, துணி துவைக்கும் இடத்தில் வேலை. இந்தத் துண்டு, விரிப்பு எல்லாம் அவள் கை பட்டு வருவதுதான். அவளை நீங்கள் பார்க்க மாட்டீர்கள்" என்றாள், யானையின் காதைச் சரிசெய்தபடி.

அவ்வளவுதான் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை.

அவர்கள் இருவரும் தங்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. அடுக்குக் கட்டில், கடல் மட்டத்துக்குக் கீழே. பாத்திரம் கழுவுபவர்கள், காய் நறுக்குபவர்கள், குப்பை பிரிப்பவர்கள் எல்லாம் அங்கேதான் எங்கோ இருந்தார்கள். கணக்கில் ஏறும் அந்தத் தொகை பல கப்பல்களில் இவர்களுக்கும் சேர்த்துப் பிரிக்கப்படுவது. அதை எடுத்துவிட்டுக் கையில் கொடுக்கும்போது, நம் கண்ணில் படுகிறவருக்கு மட்டுமே கொடுக்கிறோம். எடுத்துவிட்ட பயணியிடமிருந்து கையில் வாங்கிய பணத்தையும் பொதுக்கணக்கில் கட்ட வேண்டும் என்ற விதி சில நிறுவனங்களில் உண்டு என்பதைப் பின்னால்தான் படித்தேன்.

காணாமல் கொடுப்பது இழிவு என்று சொல்ல எனக்கு ஒரு பாட்டு இருந்தது. காண முடியாத இடத்தில் வைக்கப்பட்டவர்களுக்கு என்ன பாட்டு?

இன்னொன்றும் உறைத்தது. பெருஞ்சித்திரனாருக்குப் போக இன்னொரு வாசல் இருந்தது. குமணன் இருந்தான். இவள் நடுக்கடலில் இருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லும் மிடுக்குக்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது. கௌரவ விரிவுரையாளராக நான் இருந்த ஆண்டுகளில், ஒவ்வொரு ஜூனிலும் வேலை நீட்டிப்புக்காகத் துறைத்தலைவர் அறைக்கு வெளியே நின்றிருக்கிறேன். அந்த வாரங்களில் என் சிரிப்பு எனக்கே அருவருப்பாக இருக்கும். அதே வாரங்களில் வகுப்பில் 208ஐயும் நடத்தியிருக்கிறேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். எங்கள் கப்பலின் பின்புறம் நசாவு என்று எழுதியிருந்தது. பஹாமாஸ் நாட்டின் தலைநகரம். அந்த நாட்டின் பக்கமே போகாமல், சிங்கப்பூருக்கும் தாய்லாந்துக்கும் நடுவே ஓடும் கப்பல் அந்தக் கொடியைப் பறக்கவிடுகிறது. எந்தக் கொடியோ அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம்தான் கப்பலுக்குள் முதலில் செல்லும். பனாமா, லைபீரியா, மால்ட்டா என்று இந்தக் கொடிகளுக்கு ஒரு சந்தையே இருக்கிறது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று ஒன்று 2006இல் உருவாகி, 2013இல் நடைமுறைக்கு வந்தது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது அது. திருப்பிப் போட்டுப் படித்தால், ஒரு நாளில் 14 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்று பொருள்.

சம்பளத்தை முதலாளி கொடுக்காமல் வாடிக்கையாளரின் மனநிலையிடம் ஒப்படைக்கும் பழக்கத்துக்கும் வரலாறு இருக்கிறது. பெரிய உல்லாசக் கப்பல் நிறுவனங்கள் பலவற்றுக்கு மியாமிதான் தலைமையிடம். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த சில ஆண்டுகளில், புல்மன் நிறுவனம் தன் தூங்கும் வசதி கொண்ட ரயில்பெட்டிகளில் விடுதலை பெற்ற கறுப்பின ஆண்களை வேலைக்கு வைத்தது. சம்பளம் சொற்பம், மிச்சத்தைப் பயணிகளின் சில்லறையில் தேடிக்கொள்ள வேண்டும். அவர்கள் எல்லோரையும் முதலாளியின் பெயரைக்கொண்டு 'ஜார்ஜ்' என்றே பயணிகள் கூப்பிட்டார்கள். 1925இல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்து, 1937இல் ஒப்பந்தம் பெற்றார்கள். அந்தச் சங்கத்தின் பெயரில் தொடக்கத்தில் பணிப்பெண்களும் இருந்தார்கள். பிறகு பெயரிலிருந்து அவர்கள் மட்டும் விழுந்துவிட்டார்கள். இன்றும் அமெரிக்காவில் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி கொடுக்க வேண்டிய கூட்டரசுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான். 1991இலிருந்து அது ஏறவே இல்லை.

நம் ஊருக்கு இது அந்நியமா? பொங்கலுக்குச் சேலை எடுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டு வேலை செய்யும் அக்காவின் சம்பளத்தை மூன்று ஆண்டுகளாக ஏற்றாமல் இருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். ஒன்று என் வீடு. சேலை கொடுக்கும்போது கொடுப்பவருக்கு மனம் நிறைகிறது. சம்பளம் ஏற்றும்போது யாருக்கும் மனம் நிறைவதில்லை. அதனால்தானோ என்னவோ, பெண்கள் செய்யும் வேலைக்குச் சேலையும் பாராட்டும் எளிதாகக் கிடைக்கின்றன. அம்மாவுக்கு அவ்வளவும் கிடைத்தது. அவள் வைக்கும் புளிக்குழம்பைப் பற்றி அப்பா சாகும்வரை பேசினார். அவள் பெயரில் வங்கிக் கணக்கு வந்ததோ விதவை ஓய்வூதியத்துக்காக.

கடைசி இரவு மறுபடியும் அந்த மேசைக்குப் போனேன். நான் மட்டும் போனேன். எங்கள் இருவருடைய தொகையைத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன், அம்மாவுக்கும் எனக்கும். 128 டாலர். மற்ற மூவருடையதைச் சேர்க்கச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. இருந்ததா, கேட்கத் துணிவு இல்லையா என்பதை இன்றுவரை நான் தீர்க்கவில்லை. ஷாப்பிங்குக்கு என்று வைத்திருந்த பணத்தில் 128 போனது. கணக்குத் தீர்க்கும்போது அத்தானிடம் சொன்னேன். "உன் இஷ்டம்" என்றார். ஊர் திரும்பும்வரை கொஞ்சம் குறைவாகவே பேசினார்.

கருத்துப் படிவம் ஒன்றும் வந்தது. பத்துக்கு எத்தனை என்று கேட்டிருந்தார்கள். நான் எட்டு போட்டேன். தமிழ் வாத்தியார் யாருக்கும் முழு மதிப்பெண் போடுவதில்லை, கை வராது. அக்கா மகன்தான் பதறினான். "சித்தி, இதுல பத்து போடலைன்னா ஃபெயில் மாதிரி. டெலிவரி அண்ணனுக்கு நாலு ஸ்டார் போட்டா என்ன ஆகும் தெரியுமா?" அடித்துப் பத்து போட்டேன். அவளுடைய பெயரைத் தெளிவாக எழுதி, அம்மாவைக் கவனித்துக்கொண்ட விதத்தை இரண்டு வரி எழுதினேன். அடுத்த ஒப்பந்தத்துக்கு அது உதவலாம் என்றார்கள். நீங்கள் போக நேர்ந்தால் இதைச் செய்யுங்கள். கணக்கில் ஏறும் தொகையில் கை வைக்காதீர்கள். அதற்கு மேல் கொடுக்க முடிந்தால் கையில் கொடுங்கள். பத்து போடுங்கள். படுக்கையை விரிக்காதீர்கள்.

அம்மாவும் ஒன்று கொடுத்தாள். இறங்கும் காலையில் சுருக்குப் பையிலிருந்து நான்காக மடித்த 500 ரூபாய் நோட்டை எடுத்து, "பிள்ளைக்கு ஏதாச்சும் வாங்கிக் குடு" என்று தமிழிலேயே சொல்லி அவள் கையில் திணித்தாள். அந்த நோட்டு அவளுக்கு எங்கே செல்லும்? நான் தடுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அக்கா தொலைபேசியில், பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "நானும் அந்தப் பிள்ளைக்கு நூறு டாலர் குடுத்தேன்டி. அத்தானுக்குத் தெரியாது." கடைக்குப் போய்வரும் மிச்சத்தில் அவள் சேர்த்து வைத்திருந்த பணம். சிங்கப்பூரில் அஞ்சறைப் பெட்டி இல்லை, மாவு டப்பாவுக்கு அடியில் வைப்பாளாம். இருபது ஆண்டுகளாக ஒரு வீட்டை நடத்துகிறவள், நன்றி சொல்வதற்கும் ஒளித்து வைத்த காசைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் அடங்கியபின் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று பெண்களும் அவரவர் வழியில் கொடுத்தோம். என்னுடைய 128 தவிர மற்றதெல்லாம் நாங்கள் பார்த்த ஒருத்திக்கு.

ஏப்ரலில் ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அம்மா கேட்டாள்: "அந்தப் பிள்ள ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பாளா?" போயிருப்பாள் என்றேன். "அவ கூட இருந்தாளே, துணி துவைக்கிறவ, அவ?"

எனக்குத் தெரியவில்லை. அவளுடைய பங்கும் அடங்கிய 192 டாலர் எங்கள் குடும்பத்தில்தான் இருக்கிறது.