பேராதனைக்கு முந்திய அம்பிட்டிய

நக்கிள்ஸ் மலைச்சாரலில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் மடுல்கெல்லயிலிருந்து கண்டிக்கு வருகிறவர்கள் வத்தேகம வழியாக இறங்கி, மகாவலியைக் கடந்து நகருக்குள் வருவார்கள். ஆஸ்பத்திரி, கச்சேரி, கடைத்தெரு என்று வந்த வேலை முடிந்ததும் திரும்பிவிடுவார்கள். தலதா மாளிகையையும் வாவியையும் தாண்டித் தென்கிழக்கே மேடேறும் பாதையில் அவர்களுக்கு அதிகம் வேலை இருப்பதில்லை. நகரிலிருந்து மூன்று கிலோமீட்டர் அளவில் அந்தப் பாதையில் இருக்கும் ஊர்தான் அம்பிட்டிய. தலாத்துஓயா போகிற பஸ் அதைக் கடந்துதான் போகும்.

கண்டியில் பல்கலைக்கழகம் எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் பேராதனையைக் காட்டும். இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது 1952இல். அதற்கு 59 ஆண்டுகளுக்கு முன்பே அம்பிட்டியக் குன்றில் ஓர் உயர்கல்விக் கூடம் இயங்கத் தொடங்கியிருந்தது. இந்தியா முழுவதிலுமிருந்து மாணவர்கள் கடல் கடந்து அங்கே படிக்க வந்தார்கள். கத்தோலிக்கர்கள் அதைப் பாப்பிறை குருமடம் என்றார்கள்.

திருத்தந்தை 13ஆம் லியோ, நம் பழைய கத்தோலிக்க நூல்கள் சிங்கராயர் என்று எழுதும் அவர்தான், 1886இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் முறையான மறைமாவட்டங்களை ஏற்படுத்தினார். கண்டி மறைமாவட்டமும் அந்த ஆண்டில் பிறந்ததே. மறைமாவட்டங்கள் வந்தால் போதாது, அவற்றை நடத்த அந்தந்த மண்ணின் மைந்தர்களே குருக்களாக வரவேண்டும் என்பது அவர் எண்ணம். ஐரோப்பியக் குருக்கள் காலமெல்லாம் தோள் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது என்று 1893 ஜூன் மாதம் எழுதிய திருமடலில் அவர் விளக்கினார். அதே ஆண்டில் அம்பிட்டியவில் குருமடம் திறக்கப்பட்டது. இந்தியாவின் மீட்புப் பணியை இந்தியாவின் பிள்ளைகளே செய்வார்கள் என்ற பொருள்படும் இலத்தீன் வாக்கியம் அதன் விருதுவாக்கு ஆயிற்று. வெள்ளையர் ஆட்சி உச்சத்தில் இருந்த காலத்தில் ஒரு நிறுவனம் இப்படிச் சொல்லிக்கொண்டு தொடங்கியது சிறிய காரியம் அல்ல.

நடத்தும் பொறுப்பு பெல்ஜிய நாட்டு இயேசு சபையாரிடம் போனது. முதல் அதிபர் அருட்தந்தை சில்வேன் குரோஜான். திருத்தந்தையின் பிரதிநிதியாகக் கண்டியில் தங்கியிருந்த போலந்து நாட்டவரான பேராயர் லாடிஸ்லாஸ் சலேஸ்கி இதன் வளர்ச்சிக்குத் தூணாக நின்றார். இந்த மலைகளின் செடிகொடிகளை ஆராய்ந்து வரைந்த தாவரவியல் ஆர்வலரும் அவரே. பெல்ஜியரின் தடம் ஊரிலும் பதிந்துவிட்டது. அம்பிட்டியவின் பாடசாலைகளில் ஒன்று இன்றும் பெரவார்ட்ஸ் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது.

குருமடத்தின் படிப்பு மெய்யியலும் இறையியலும் சேர்ந்து ஏறக்குறைய ஏழாண்டு. பாடநூலும் விரிவுரையும் இலத்தீனில். தமிழரும் மலையாளியும் கொங்கணியும் சிங்களவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தபோது அவர்கள் எல்லாருக்கும் சம அளவில் அந்நியமான மொழி அது. அக்காலத்து இயேசு சபைக் கல்விக்கூடங்களில் படிப்பின் உயிர்நாடி வாதப் பயிற்சி. ஒரு மாணவர் ஒரு கருத்தை நிறுவ எழுந்து நிற்பார். இன்னொருவர் தருக்க வடிவில் மறுப்பு எழுப்புவார். நிறுவுபவர் உடனே பதில் சொல்லிவிடக் கூடாது. எதிராளியின் மறுப்பைத் தன் வாயால் முழுமையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொரு கூறாக எடுத்து, கொன்செடோ என்றால் ஏற்கிறேன், நேகோ என்றால் மறுக்கிறேன், திஸ்தின்குவோ என்றால் பிரித்துப் பார்க்கிறேன் என்று வகைப்படுத்திய பின்பே தன் விடையைக் கூற வேண்டும். பிறர் மதத்தை எடுத்துரைத்து மறுத்த பின்பே தன் மதத்தை நிறுவும் பரபக்கம், சுபக்கம் என்ற முறையைச் சைவ சித்தாந்த நூல்களில் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. எதிராளியைச் சரியாகப் புரிந்துகொள்ளாதவனுக்குப் பேச உரிமை இல்லை என்ற ஒழுங்கு இரண்டிலும் ஒன்றே.

1926இல் மெய்யியலிலும் இறையியலிலும் பட்டம் வழங்கும் உரிமையை உரோமாபுரி இந்தக் குருமடத்துக்கு அளித்தது. அந்த நேரத்தில் இலங்கையின் மற்ற உயர்கல்வி எப்படி இருந்தது என்று பார்த்தால்தான் இதன் கனம் விளங்கும். கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிக்குத் தானாகப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் இல்லை. அதன் மாணவர்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சையைத்தான் எழுதினார்கள். இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்ததே 1942இல். அதற்கு 16 ஆண்டுகள் முன்னதாக, கண்டிக் குன்றில் பாடம் சொன்னவர்களே பரீட்சித்துப் பட்டமும் தந்தார்கள்.

அங்கே படித்துச் சென்றவர்களின் பெயர்கள் இந்தியத் திருச்சபை வரலாற்றில் தலையாய இடங்களில் இருக்கின்றன. இந்தியாவின் முதல் கர்தினாலாக 1953இல் உயர்ந்த வலேரியன் கிராசியாஸ் அம்பிட்டிய மாணவர். பின்னாளில் கர்தினாலான எர்ணாகுளம் பேராயர் ஜோசப் பாரேக்காட்டிலும் அப்படியே. 1923இல் சீரோ மலபார் திருச்சபைக்குத் தனி ஆட்சியமைப்பு வந்தபோது அதற்குத் தலைமை ஏற்ற பேராயர் அகஸ்டின் கண்டத்தில், ஆதரவற்றோருக்கான கன்னியர் சபையைக் கேரளத்தில் நிறுவிய வர்கீஸ் பையப்பிள்ளி ஆகியோரும் இங்கே பயின்றவர்களே.

இந்த மாணவர்கள் வந்த வழி நமக்குத் தெரிந்த வழிதான். முதலில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914க்குப் பிறகு தனுஷ்கோடியில் ஏறித் தலைமன்னாரில் இறங்கி ரயில். திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து கங்காணிமாருடன் மடுல்கெல்லக்கும் பன்விலைக்கும் வந்த நம் பாட்டன் பூட்டிகளும் அந்தக் கடலைத்தான் தாண்டினார்கள். ஒருவர் கையில் இலத்தீன் இலக்கணம், இன்னொருவர் கழுத்தில் எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்று காட்டும் தகரத் துண்டு. இருவருக்கும் இடையில் அன்று எல்லைக்கோடு குறுக்கே நிற்கவில்லை.

சுதந்திரம் அந்தக் கோட்டைப் போட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கியது. அதே ஆண்டின் குடிவரவுச் சட்டத்தோடு, இந்தியாவிலிருந்து படிக்க வருகிறவருக்கு விசா ஒரு பிரச்சினை ஆயிற்று. மாணவர்களில் பெரும்பாலோர் இந்தியர். எனவே 1955இல் குருமடம் பேராசிரியர்களோடும் மாணவர்களோடும் மகாராஷ்டிரத்தின் புனே நகருக்குப் பெயர்ந்தது. அங்கே ஞான தீப வித்யாபீடம் என்று பெயர் பெற்ற அதன் கல்விக்கூடம் மெய்யியல், இறையியல் புலங்களோடு இன்றும் நடக்கிறது. குருமாணவர்களோடு கன்னியரும் பொதுநிலையினரும் இப்போது அங்கே படிக்கிறார்கள். குருமடத்துக்குப் போக ஓர் இடம் இருந்தது. தோட்டத்து மக்களோ 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வரை காத்திருந்து, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டார்கள். அம்பிட்டியவின் கதையையும் மடுல்கெல்லயின் கதையையும் தனித்தனியாகப் படிக்க முடியாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

குன்று வெறுமையாகிவிடவில்லை. 1955லேயே அங்கே இலங்கைக்கான இலங்கை அன்னை தேசிய குருமடம் தொடங்கியது. உரோமையின் உர்பானியானா பல்கலைக்கழகத்தோடு இணைந்த படிப்பு அங்கே நடக்கிறது. பௌத்தத்தை ஆழமாகக் கற்ற இறையியலாளர் அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ நீண்ட காலம் அங்கே கற்பித்தவர். பிறகு புத்தல பகுதியின் ஏழைச் சிங்களக் கிராமத்தில் போய் வாழ்ந்து, 1987 நவம்பரில் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னாளில் யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் புனித சவேரியார் குருமடம் எழுந்தபின் தமிழ் மாணவர் பலர் அங்கே படிக்கலானார்கள்.

குருமாணவர் அல்லாத பொதுமக்களுக்கும் கத்தோலிக்க உயர்கல்வி வேண்டும் என்று எண்ணியவர் தமிழரான அருட்தந்தை பீட்டர் பிள்ளை. 1954இல் கொழும்பு பொரளையில் அக்குவைனாஸ் பல்கலைக்கழகக் கல்லூரியை அவர் நிறுவினார். பாப்பிறை குருமடம் கண்டியை விட்டுப் போவதற்கு ஓராண்டு முன் அது நடந்தது.

கண்டி மாவட்டத் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைச் சுற்றுலாவுக்குக் கண்டிக்கு அழைத்து வரும்போது தலதா மாளிகையோடும் பேராதனைப் பூங்காவோடும் நிறுத்திக்கொள்ளாதீர்கள். முன்கூட்டி அனுமதி பெற்று அம்பிட்டியவையும் காட்டுங்கள். தங்கள் பாட்டன்மார் கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியுமாக உழைத்த காலத்தில் பக்கத்துக் குன்றிலேயே ஒரு பெருங்கல்விக்கூடம் இருந்தது என்பதையும், அன்று எட்டாத அந்தப் படிப்பு இன்று தங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். கண்டியின் உயர்கல்வி வரலாற்றை எழுதுகிறவர்கள் அதை 1893இலிருந்து தொடங்குவதே முறை.